படத்துக்குக் கீழே யார் பெயர்? செய்திப் புகைப்படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025இல் புகைப்படக்காரர்கள் கூடிய இடமெல்லாம் ஒரே பேச்சு: வியட்நாம் போரின் முகமாகவே ஆகிவிட்ட ‘நேபாம் சிறுமி’ படத்தை எடுத்தது யார்? ஐம்பது வருடத்துக்கும் மேலாக ஒரே பெயருடன் அச்சாகி வந்த படம் அது. இதைக் கேட்டு வருபவர்கள் அதோடு நிறுத்துவதில்லை. கழுகுப் படம் எடுத்தவர் குற்ற உணர்ச்சியில் செத்தாரா, ஏஐ படத்துக்குப் பரிசு கொடுத்தார்களாமே, எங்கள் கல்யாண ஆல்பம் யாருக்குச் சொந்தம் என்று கேள்விகள் போய்க்கொண்டே இருக்கும். திரும்பத் திரும்ப வருகிறவற்றை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

‘நேபாம் சிறுமி’ என்பது எந்தப் படம்?

பெயர் தெரியாதவர்களும் பார்த்திருப்பார்கள். 1972 ஜூன் 8. தென் வியட்நாமில் சைகோனுக்கு வடமேற்கே டிராங் பாங் என்ற ஊர். தென் வியட்நாம் விமானப்படையின் விமானமே அந்த ஊர் மக்கள் மேல் நேபாம் எரிகுண்டைப் போட்டுவிட்டது. தீப்பிடித்த உடையைக் களைந்துவிட்டு, கைகளை விரித்து, அலறிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடிவருகிறாள் ஒன்பது வயது ஃபான் தி கிம் ஃபுக். அவளோடு அவள் வீட்டுப் பிள்ளைகள். பின்னால் சிப்பாய்கள் நடந்து வருகிறார்கள், அவர்களுக்கும் பின்னால் வானம் முழுக்கப் புகை.

பத்திரிகைகளில் நாம் பார்ப்பது ஓரம் வெட்டிய படம். முழு ஃப்ரேமில் வலது ஓரத்தில் இன்னொரு புகைப்படக்காரர் நடந்தபடியே தன் கேமராவில் ஃபிலிம் மாற்றிக்கொண்டிருப்பார். அவர் டேவிட் பர்னெட். அன்று அந்தச் சாலையில் பல கேமராக்கள் இருந்தன என்பதற்குப் படமே சாட்சி. இந்தச் சின்ன விஷயத்தை நினைவில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை புரியும்.

படம் அசோசியேட்டட் பிரஸ், அதாவது ஏபி நிறுவனம் வழியாக உலகம் முழுக்கப் போனது. அடியில் இருந்த பெயர் நிக் உட். அப்போது அவருக்கு வயது 21. அவருடைய அண்ணனும் ஏபி புகைப்படக்காரர்தான், 1965இல் போர்க்களத்தில் இறந்துபோனார். நிக் உட்டுக்கு 1973இல் அமெரிக்காவின் பெரிய பத்திரிகை விருதான புலிட்சர் பரிசும், அதே படத்துக்கு, செய்திப் புகைப்படங்களுக்குப் போட்டி நடத்தும் வேர்ல்டு பிரஸ் போட்டோ அமைப்பின் ஆண்டின் சிறந்த படம் விருதும் கிடைத்தன.

அப்படியானால் இப்போது என்ன சந்தேகம்?

2025 ஜனவரியில் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் ‘தி ஸ்ட்ரிங்கர்’ என்ற ஆவணப்படம் திரையிடப்பட்டது. அன்று ஏபியின் சைகோன் அலுவலகத்தில் படம் தேர்வு செய்தவர்களில் ஒருவரான கார்ல் ராபின்சன் அதில் சொல்வது இது: படத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் ஏபி ஊழியர் அல்லாத ஒரு வியட்நாமியர். ஆனால் அலுவலகத்தின் புகைப்படத் தலைவர் ஹோர்ஸ்ட் ஃபாஸ், நிக் உட் பெயரைப் போடச் சொன்னார். நானும் போட்டேன்.

அந்த இன்னொருவர் நுயென் தான் ஙே என்று ஆவணப்படம் அடையாளம் காட்டுகிறது. அன்று அமெரிக்கத் தொலைக்காட்சி என்பிசியின் குழுவோடு அங்கே வந்தவர். படத்தை 20 டாலருக்கு ஏபிக்குக் கொடுத்தேன் என்று அவரே சொல்கிறார்.

நிக் உட் இதை அடியோடு மறுக்கிறார். ஹோர்ஸ்ட் ஃபாஸ் 2012இல் இறந்துவிட்டார், அவரைக் கேட்க வழியில்லை. ஃபிலிம் மாற்றிக்கொண்டிருந்த டேவிட் பர்னெட் நிக் உட் பக்கம் நிற்கிறார்: குழந்தைகளை நோக்கி முதலில் ஓடியவர் உட் என்பது அவர் நினைவு. கிம் ஃபுக்கும் நிக் உட் எடுத்த படம் என்றே சொல்லிவருகிறார். அன்று அவரைத் தூக்கி வண்டியில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் நிக் உட். அதில் சண்டை இல்லை.

இத்தனை வருடம் கழித்து எதை வைத்து ஆராய்கிறார்கள்?

எனக்கு இந்த விவகாரத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். நினைவுகளை ஓரமாக வைத்துவிட்டு, அன்று அங்கே ஓடிய எல்லா ஃபிலிமையும் தேடி எடுத்தார்கள். செய்திப் படங்கள், தொலைக்காட்சிக் குழுக்களின் பதிவுகள், மற்றப் புகைப்படக்காரர்களின் ஃப்ரேம்கள். சாலையின் வளைவு, ஓரத்தில் இருந்த பலகை, சிப்பாய்கள் நிற்கும் இடம் எல்லாவற்றையும் வைத்து யார் எந்த நொடியில் எங்கே இருந்தார் என்று வரைபடம் போட்டார்கள். ஆவணப்படத்துக்காக இந்த வேலையைச் செய்தது பாரிஸில் இருக்கும் இண்டெக்ஸ் என்ற ஆய்வுக் குழு. அந்தப் படத்தை எடுக்கும் இடத்தில் நிக் உட் இருந்திருக்க வாய்ப்பு குறைவு என்பது அவர்கள் கணக்கு.

ஏபியும் தனியாக ஆராய்ந்து 2025 மே மாதம் கிட்டத்தட்ட நூறு பக்கத்துக்கு அறிக்கை விட்டது. அதில் எதிர்பாராத ஒரு விஷயம் வெளியே வந்தது. படத்தை எடுத்தது லைக்கா எம்2 கேமரா என்றுதான் இத்தனை நாளும் எல்லோரும் நம்பினார்கள், அந்த லைக்கா அருங்காட்சியகத்தில்கூட வைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு கேமராவின் உள் சட்டமும் நெகட்டிவ் விளிம்பில் தனக்கே உரிய சின்னச் சின்ன அடையாளங்களை விட்டுவைக்கும். நெகட்டிவை வைத்துப் பார்த்த ஏபி, அது பென்டாக்ஸ் கேமராவாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று சொன்னது. அதனால் நிக் உட் எடுக்கவில்லை என்று ஆகிவிடாது. ஆனால் காலம்காலமாகச் சொல்லிவந்த கதையில் ஒரு செங்கல் உருவப்பட்டது.

முடிவாக யார் பெயர் இருக்கிறது?

இரண்டு இடத்தில் இரண்டு மாதிரி. பெயரை மாற்றும் அளவுக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று சொல்லி ஏபி, நிக் உட் பெயரையே தொடர்கிறது. வேர்ல்டு பிரஸ் போட்டோ அமைப்போ 2025 மே 16 அன்று ‘எடுத்தவர்’ என்ற இடத்தை நிறுத்திவைத்தது. படத்துக்குக் கொடுத்த விருது அப்படியே இருக்கும், எடுத்தவர் யார் என்பது மட்டும் நிறுவப்படும்வரை திறந்தே இருக்கும். அன்று அங்கிருந்த இன்னொரு புகைப்படக்காரரான ஹுயின் காங் ஃபுக்கும் எடுத்திருக்கலாம் என்று அது மூன்றாவதாக ஒரு பெயரையும் சேர்த்தது.

என்னைக் கேட்டால், வேர்ல்டு பிரஸ் போட்டோ செய்தது சங்கடமான வேலை, ஆனால் சரியான வேலை. சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒருவர் பெயரை எடுத்து இன்னொருவர் பெயரைப் போடுவதைவிட இது நேர்மையானது. நிக் உட்டுக்கு இது எவ்வளவு வலிக்கும் என்பதும் தெரிகிறது.

ஸ்ட்ரிங்கர்கள் படத்துக்கு மட்டும் ஏன் இந்தப் பிரச்சினை வருகிறது?

சம்பளப் பட்டியலில் இல்லாமல், படத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு போகிறவர்கள் ஸ்ட்ரிங்கர்கள். அந்தக் காலத்தில் ஃபிலிமை அலுவலகத்தில் கொடுத்துவிட்டால் கழுவுவது, தேர்வு செய்வது, அடியில் பெயர் எழுதுவது எல்லாம் வேறு ஆட்கள் கையில். தேவையான ஃப்ரேமை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். தன் படம்தான் என்று நிரூபிக்க அவர்கள் கையில் ஒரு ரசீதுகூட இருக்காது. நம் ஊர் மாவட்டச் செய்தியாளர்களுக்குப் படம் எடுத்துக் கொடுக்கும் ஸ்டுடியோக்காரர்களைக் கேட்டுப்பாருங்கள், இந்தக் கதை அவர்களுக்குப் புதிதாக இருக்காது.

எடுத்தவர் பெயர் தெரியாத புகழ்பெற்ற படங்கள் வேறு உண்டா?

நியூயார்க்கில் வானத்தில் தொங்கும் இரும்பு உத்தரத்தில் பதினோரு தொழிலாளர்கள் வரிசையாக உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடும் படம் இருக்கிறதே, அதுவும் இந்த ரகம்தான். 1932 செப்டம்பர் 20 அன்று ராக்கஃபெல்லர் சென்டர் கட்டுமானத்தில் எடுத்தது. 2003இல் சார்லஸ் எபட்ஸ் எடுத்தார் என்று ஏற்றுக்கொண்டார்கள். பிறகு அன்று அதே உயரத்தில் இன்னும் இரண்டு புகைப்படக்காரர்கள் இருந்தது தெரியவந்ததும் மறுபடி ‘எடுத்தவர் தெரியவில்லை’ என்று ஆகிவிட்டது.

போர்ப் புகைப்படங்களுக்குப் பேர்போன ராபர்ட் காப்பா என்ற பெயரே முதலில் ஒரு கூட்டுத் தயாரிப்பு. ஹங்கேரியைச் சேர்ந்த எண்ட்ரே ஃப்ரீட்மனும், ஜெர்மனியிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி வந்த கெர்டா டாரோவும் பாரிஸில் பிழைப்புக்காக, ‘பெரிய அமெரிக்கப் புகைப்படக்காரர்’ என்று ஒருவரைக் கற்பனையாக உண்டாக்கிப் படம் விற்றார்கள். பிறகு ஃப்ரீட்மன் அந்தப் பெயரோடேயே நிலைத்துவிட்டார். டாரோ 1937 ஜூலையில் ஸ்பானிய உள்நாட்டுப் போரில் இறந்தார், வயது 26தான். அவர் எடுத்த படங்கள் சில வெகுகாலம் காப்பா பெயரில் கிடந்தன. மெக்சிகோவில் கிடைத்த சுமார் 4,500 நெகட்டிவ்கள் 2007இல் நியூயார்க் வந்து சேர்ந்த பிறகுதான் எது யாருடையது என்று பிரிக்கும் வேலை சூடுபிடித்தது.

காப்பாவின் ‘விழும் சிப்பாய்’ படம் செட்டப்பா?

1936 செப்டம்பரில் ஸ்பெயினில் எடுத்தது, குண்டு பாய்ந்த சிப்பாய் பின்னோக்கிச் சாயும் நொடி. செர்ரோ முரியானோ என்ற இடத்தில் நடந்த சண்டை என்று சொல்லிவந்தார்கள். 2009இல் ஸ்பானியப் பேராசிரியர் ஒருவர் படத்தின் பின்னால் தெரியும் மலைகளின் வரிசையை வைத்துத் தேடி, அந்த இடம் ஐம்பது கிலோமீட்டர் வாக்கில் தள்ளியிருக்கும் எஸ்பெகோ என்று காட்டினார். அன்றைக்கு அங்கே சண்டை இல்லை என்பதால் நடித்துக் காட்டிய படமாக இருக்கலாம் என்ற வாதம் வலுத்தது. எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் காப்பா கோழை என்று இதிலிருந்து முடிவுக்கு வருவது அநியாயம். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையில் முதலில் போன படைகளோடு இறங்கியவர், 1954 மே மாதம் வியட்நாமில் கண்ணிவெடியை மிதித்துத்தான் செத்தார்.

கழுகும் குழந்தையும் படம் எடுத்தவர், குழந்தையைக் காப்பாற்றாத குற்ற உணர்ச்சியில் தற்கொலை செய்துகொண்டாராமே?

வாட்ஸ்அப்பில் வருடத்துக்கு இரண்டு முறையாவது சுற்றும் கதை. ‘அன்று அங்கே இரண்டு கழுகுகள் இருந்தன, ஒன்றின் கையில் கேமரா’ என்ற வசனத்தோடு வரும். கதை நன்றாக இருக்கிறது, நடந்தது வேறு.

கெவின் கார்ட்டர் தென்னாப்பிரிக்கர். 1993 மார்ச்சில் சூடானில் அயோட் என்ற ஊரில் ஐ.நா. உணவு மையத்துக்குப் பக்கத்தில் எடுத்த படம் அது: பட்டினியில் சுருண்டு கிடக்கும் குழந்தை, சற்றுப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கழுகு. நிவாரண விமானம் இறங்கியிருந்தது, பெரியவர்கள் உணவு வாங்க ஓடியிருந்தார்கள். படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக் குழந்தையின் கையைப் பாருங்கள், மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் பட்டை தெரியும். உணவு மையத்தில் பதிவு செய்த குழந்தைகளுக்குக் கட்டும் பட்டை அது. அதாவது யாரும் இல்லாத பாலைவனத்தில் கைவிடப்பட்ட குழந்தை இல்லை. கார்ட்டர் கழுகை விரட்டிவிட்டுத்தான் நகர்ந்தார். 2011இல் ஸ்பெயினின் எல் முண்டோ பத்திரிகை அந்த ஊருக்கே போய் விசாரித்தது. அது பெண் குழந்தை இல்லை, கோங் நியோங் என்ற பையன். அந்தப் பஞ்சத்தில் பிழைத்துக்கொண்டான், பல வருடம் கழித்துத்தான் காய்ச்சலில் இறந்தான் என்று அவன் அப்பா சொன்னார்.

கார்ட்டருக்கு 1994இல் புலிட்சர் கிடைத்தது. அதே வருடம் ஏப்ரலில் அவருடைய நெருங்கிய நண்பரும் சக புகைப்படக்காரருமான கென் ஊஸ்டர்புரோக் கலவரத்தைப் படம் எடுக்கையில் சுடப்பட்டு இறந்தார். கடன், மனச்சோர்வு, கண்ணால் பார்த்த கொலைகள் என்று கார்ட்டரை அழுத்தியவை ஏராளம். அந்த ஜூலையில் அவரும் போய்விட்டார். ஒரு மனிதரின் சாவை ஒற்றைக் காரணத்தில் அடக்கி நீதிக்கதையாக்குவது எனக்குப் பிடிக்கவில்லை, அடுத்த முறை வந்தால் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.

போபால் விஷவாயுப் படத்தை எடுத்தது ரகு ராயா, பாப்லோ பார்த்தலோமியூவா?

இரண்டு பேருமே. 1984 டிசம்பரில் போபாலில், புதைகுழியில் மண்ணுக்கு மேல் முகம் மட்டும் தெரியும் பெயர் தெரியாத குழந்தை. ரகு ராய் கறுப்பு வெள்ளையில் எடுத்தார், பார்த்தலோமியூ வண்ணத்தில் எடுத்தார். ரகு ராய் படத்தில் முகத்தைத் தடவும் ஒரு கையும் இருக்கும். வேர்ல்டு பிரஸ் போட்டோவின் அந்த ஆண்டுக்கான முதல் பரிசு பார்த்தலோமியூவின் வண்ணப்படத்துக்குக் கிடைத்தது. இந்தியாவில் சுவரொட்டிகளிலும் போராட்டங்களிலும் அதிகம் நிலைத்தது ரகு ராயுடையது. இணையத்தில் ஒருவர் படத்தின் அடியில் இன்னொருவர் பெயர் இருப்பதை இன்றும் பார்க்கலாம். கலரா, கறுப்பு வெள்ளையா என்று பார்த்தாலே போதும், குழப்பம் தீர்ந்தது.

இந்தியாவின் முதல் பெண் செய்திப் புகைப்படக்காரர் யார்?

ஹோமாய் வியாரவாலா. குஜராத்தின் நவ்சாரியில் 1913 டிசம்பர் 9 அன்று பிறந்த பார்சிப் பெண். ஆரம்பத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் மானெக்ஷா பெயரில் வெளியாயின, பெண் எடுத்தது என்றால் எடுபடாது என்ற காலம் அது. பிறகு ‘டால்டா 13’ என்று ஒரு புனைபெயர். பிறந்த வருடம் 13, கணவரை முதலில் சந்தித்த வயது 13, முதல் காரின் பதிவு எண் டிஎல்டி 13. அதுதான் டால்டா ஆனது.

டெல்லியில் பிரிட்டிஷ் தகவல் துறைக்காக வேலை பார்த்துக்கொண்டே சுதந்திரத்தை, மவுண்ட்பேட்டன் கிளம்பியதை, காந்தியின் இறுதி ஊர்வலத்தை, நேருவை விதவிதமாகப் படம் பிடித்தார். புடவை கட்டி, தோளில் கனமான ஸ்பீட் கிராஃபிக் கேமராவோடு ஆண்கள் கூட்டத்தை முட்டி நுழைவார். 1948 ஜனவரி 30 அன்று காந்தியின் பிரார்த்தனைக் கூட்டத்துக்குக் கிளம்பியவரை வேறு வேலை என்று கணவர் திரும்பக் கூப்பிட்டுவிட்டார். அந்தப் படம் தவறிப்போன வருத்தம் கடைசிவரை இருந்தது. கணவர் மறைந்த பிறகு, 1970 வாக்கில் கேமராவை வைத்துவிட்டார். வதோதராவில் தோட்டம் வளர்த்துக்கொண்டு சத்தமில்லாமல் வாழ்ந்தவருக்கு 2011இல் பத்ம விபூஷண் வந்தது. 2012 ஜனவரியில், 98 வயதில் காலமானார். அவர் சேகரிப்பு இப்போது டெல்லி அல்காசி அறக்கட்டளையிடம் இருக்கிறது.

டேனிஷ் சித்திக்கி எடுத்த படங்களில் எதைப் பார்க்க வேண்டும்?

ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்துக்காக வேலை செய்த புகைப்படக்காரர். 2017இல் வங்கதேசக் கரையில் படகிலிருந்து இறங்கிய ரோஹிங்கியாப் பெண் ஒருவர் மண்டியிட்டு ஈர மணலைத் தொடும் படம், 2021 ஏப்ரலில் டெல்லியில் கொரோனாச் சிதைகள் வரிசையாக எரிவதை உயரத்திலிருந்து எடுத்த படம், இந்த இரண்டும் போதும். ரோஹிங்கியா படங்களுக்காக ராய்ட்டர்ஸ் குழுவோடு 2018இல் புலிட்சர் வாங்கினார். 2021 ஜூலை 16 அன்று ஆப்கானிஸ்தானின் ஸ்பின் போல்டக்கில் கொல்லப்பட்டார், வயது 38. கொரோனா படங்களுக்காக 2022இல் மறுபடி புலிட்சர், மூன்று சக புகைப்படக்காரர்களோடு.

தமிழ்நாட்டிலிருந்து?

எம். பழனிகுமாரைப் பாருங்கள். மதுரை மாவட்டத்துக்காரர். மலக்குழியில் இறங்கிச் சாகும் தொழிலாளர்கள், அவர்கள் வீட்டில் மிஞ்சியவர்கள், கடற்பாசி எடுக்கும் பெண்கள் என்று வருடக்கணக்கில் ஒரே ஆட்களிடம் திரும்பத் திரும்பப் போய் எடுத்தவர். மீன் விற்று வளர்த்த தன் அம்மாவைப் பற்றியும் ஒரு படக்கட்டுரை செய்திருக்கிறார், தமிழில் வந்த படக்கட்டுரைகளில் எனக்கு அதற்கு மேல் ஒன்று தெரியாது. புகைப்படக் கலைஞர் தயானிதா சிங் பெயரில், கிராம வாழ்வைப் பதிவு செய்யும் பாரி இணைய இதழோடு சேர்ந்து வழங்கும் ஆவணப் புகைப்பட விருதை 2022இல் முதலில் பெற்றவர் இவர்தான்.

செபாஸ்டியோ சல்காடோ இறந்துவிட்டாரா?

ஆமாம், 2025 மே 23 அன்று பாரிஸில், 81 வயதில். பிரேசில்காரர், பொருளாதாரம் படித்து லண்டனில் காப்பி அமைப்பு ஒன்றில் வேலை பார்த்தவர். 1986இல் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தில் சேறு அப்பிய மனிதர்கள் ஏணிகளில் எறும்புச் சாரியாக ஏறும் படங்கள் அவரை உலகத்துக்குக் காட்டின. பிறகு மனைவி லேலியாவோடு சேர்ந்து, மொட்டையாகிப்போன குடும்பப் பண்ணையில் இருபது லட்சத்துக்கு மேல் மரம் நட்டுக் காடாக்கினார்.

போட்டிகளில் படத்தை எவ்வளவு வரை திருத்தலாம்?

செய்திப் படம் என்றால் வெளிச்சம், கான்ட்ராஸ்ட், க்ராப் பண்ணுவது, கறுப்பு வெள்ளையாக்குவது எல்லாம் ஓரளவுக்குச் சரி. இருந்ததை அழிப்பதும் இல்லாததைச் சேர்ப்பதும் கூடாது. 2010இல் ஸ்டெபான் ரூடிக் என்பவருக்கு வேர்ல்டு பிரஸ் போட்டோ கொடுத்த பரிசைத் திரும்ப வாங்கிக்கொண்டது. கையில் கட்டுப் போடும் படம். பெரிய பரப்பிலிருந்து கொஞ்சத்தை மட்டும் வெட்டி எடுத்து, ஓரங்களை இருட்டாக்கி, ஆளே மாறிப்போன மாதிரி செய்திருந்தார். அதற்கெல்லாம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. விரல்களுக்கு இடையே எட்டிப்பார்த்த யாரோ ஒருவரின் காலைத் துளியூண்டு அழித்திருந்தார், அதற்குத்தான் பரிசு போனது. வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் கோட்டை எங்காவது போட்டுத்தான் ஆக வேண்டும், இதைவிடத் தெளிவான கோடு யாரும் போட்டுக் காட்டவில்லை. இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களிடம் அசல் ரா ஃபைலை, அதாவது கேமரா பதிவு செய்த திருத்தாத ஃபைலைக் கேட்பது இப்போது வழக்கம்.

‘ஆப்கன் சிறுமி’ எடுத்த ஸ்டீவ் மெக்கரி ஏமாற்றுக்காரர் என்கிறார்களே?

2016இல் இத்தாலியில் அவருடைய கண்காட்சிக்குப் போன ஒரு புகைப்படக்காரர், கியூபாத் தெருப் படம் ஒன்றில் நடந்துபோகும் ஆளின் காலுக்குப் பக்கத்தில் ஒரு கம்பத்தின் துண்டு தனியாக நிற்பதைக் கவனித்தார். போட்டோஷாப்பில் நகர்த்தும்போது விட்டுப்போன மிச்சம். அப்புறம் இணையமே தோண்ட ஆரம்பித்தது, ஆட்களே காணாமல் போன படங்கள் கிடைத்தன. தான் செய்தியாளர் இல்லை, படத்தில் கதை சொல்பவன் என்று மெக்கரி விளக்கம் கொடுத்தார். அதை அவர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆப்கன் சிறுமி படம் 1984இல் பெஷாவர் பக்கத்து நாசிர் பாக் அகதி முகாமில் எடுத்தது, 1985 ஜூனில் நேஷனல் ஜியோகிராபிக் அட்டையில் வந்தது. படத்தில் இருப்பவர் சர்பத் குலா என்பது 2002இல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. பதினேழு வருடம் அந்த முகம் பெயரே இல்லாமல் சுவரில் தொங்கியது. அவரோ தன் படம் இவ்வளவு பிரபலம் என்பதே தெரியாமல் வாழ்ந்தார். 2021இல் இத்தாலி அவருக்கு அடைக்கலம் கொடுத்தது.

ஏஐ படத்துக்கு நிஜமாகவே பரிசு கொடுத்தார்களா?

கொடுத்தார்கள். 2023இல் சோனி உலகப் புகைப்பட விருதில் ஒரு பிரிவில் ஜெர்மனியின் போரிஸ் எல்டாக்சன் பரிசு பெற்றார். பழைய காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம் மாதிரி இரண்டு பெண்கள். மேடைக்கு வந்து, இது ஏஐ செய்தது, எனக்குப் பரிசு வேண்டாம், இதைப் பற்றி எல்லோரும் பேச வேண்டும் என்றுதான் அனுப்பினேன் என்றார்.

2024இல் அப்படியே தலைகீழ். மைல்ஸ் அஸ்ட்ரே என்பவர் ஏஐ படங்களுக்கான போட்டியில் நிஜமான பூநாரைப் படத்தை அனுப்பினார். பறவை கழுத்தை மடக்கி வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்ததால் தலையே இல்லாத மாதிரி இருந்தது. நடுவர்கள் மூன்றாம் பரிசு கொடுத்தார்கள், மக்கள் வாக்கிலும் ஜெயித்தது. உண்மை தெரிந்ததும் போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

ஒரு படம் உண்மையா என்று நான் எப்படிப் பார்ப்பது?

முதலில் கூகுள் லென்ஸ் மாதிரி ஒன்றில் படத்தைப் போட்டுப் பழைய தேதியில் எங்காவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் வெள்ளம், கலவரம் என்று வருகிற படங்களில் எத்தனையோ வேறு ஊர், வேறு வருடத்துப் படங்கள், இந்த ஒரு படியிலேயே மாட்டிக்கொள்ளும். அடுத்து, எடுத்தவர் பெயரும் நிறுவனமும் இருக்கிறதா? இருந்தால் அவர்கள் பக்கத்தில் அதே நிகழ்வின் மற்ற ஃப்ரேம்களைத் தேடுங்கள். களத்தில் நின்ற புகைப்படக்காரரிடம் ஒரே ஒரு படம் மட்டும் இருக்காது.

எடுத்த கேமராவே படத்தில் டிஜிட்டல் கையொப்பம் போடும் முறையும் வந்துவிட்டது. 2023 அக்டோபரில் வந்த லைக்கா எம்11-பி தான் அதோடு விற்பனைக்கு வந்த முதல் கேமரா. எப்போது எடுத்தது, பிறகு என்ன மாற்றினார்கள் என்ற வரலாறு ஃபைலோடு சேர்ந்தே வரும். ஆனால் வாட்ஸ்அப்பில் அனுப்பினாலோ ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலோ அந்த விவரம் உதிர்ந்துவிடும், ஆகவே இதையே நம்பி உட்கார முடியாது.

‘படம்: இணையம்’, ‘நன்றி: கூகுள்’ என்று போட்டால் போதாதா?

போதாது. பஸ்ஸில் கண்டெடுத்த பர்சுக்கு ‘நன்றி: பஸ்’ என்று எழுதிவைப்பது போன்றது அது. கூகுள் எந்தப் படத்தையும் எடுக்கவில்லை. எடுத்தவர் பெயரைத் தேடிப் போடுங்கள், பயன்படுத்த அனுமதியும் கேளுங்கள். கிடைக்கவே இல்லையென்றால் அந்தப் படத்தை விட்டுவிட்டு, விக்கிமீடியா காமன்ஸ் போன்ற இடத்தில் உரிமத்தோடு கிடைப்பதை எடுங்கள். அங்கேயும் பல படங்களுக்கு எடுத்தவர் பெயரைப் போடுவது கட்டாயம்.

எங்கள் கல்யாண ஆல்பம் யாருக்குச் சொந்தம், எங்களுக்கா ஸ்டுடியோவுக்கா?

பல ஸ்டுடியோக்காரர்களுக்கே இது தெரியாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 17ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து ஒருவர் சொல்லி எடுத்த புகைப்படத்தின் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான். வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டிருந்தால் மட்டும் மாறும். ஆகவே கேட்காமல் உங்கள் படத்தை விளம்பரப் பலகையில் போட்டால் நீங்கள் கேள்வி கேட்கலாம். முன்பணம் கொடுக்கும்போது நீட்டும் தாளில் ‘படங்களைப் பயன்படுத்தும் உரிமை ஸ்டுடியோவுக்கு உண்டு’ என்ற வரி பொடி எழுத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. உரிமை கைமாறினாலும், ‘இதை எடுத்தவன் நான்’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எடுத்தவரிடமே இருக்கும். இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பிரிவு இதுதான். பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் புகைப்படக்காரர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

குரங்கு எடுத்த செல்ஃபி யாருக்குச் சொந்தம்?

யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். 2011இல் இந்தோனேசியாவின் சுலாவெசியில் டேவிட் ஸ்லேட்டர் என்ற பிரிட்டிஷ் புகைப்படக்காரரின் கேமராவை ஒரு கருங்குரங்கு பிடுங்கிப் பல்லைக் காட்டித் தன்னையே படம் எடுத்துக்கொண்டது. மனிதர் எடுக்காத படத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்று விக்கிமீடியா அதை எல்லோருக்கும் பொதுவாக வைத்தது. பிராணிகள் நல அமைப்பான பீட்டா, உரிமை குரங்குக்கே என்று 2015இல் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனது. 2017இல் சமரசம்: அந்தப் படத்தில் இனி வரும் வருமானத்தில் 25 சதவீதத்தை அந்தக் குரங்கினத்தைக் காக்கும் அமைப்புகளுக்குக் கொடுக்க ஸ்லேட்டர் ஒப்புக்கொண்டார். பதிப்புரிமை கேட்டு விலங்கு வழக்குப் போட முடியாது என்று 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லிவிட்டது.